ராக்கெட் தனியாருடையது, சந்தை அரசுடையது: சீன விண்வெளித் துறையின் புதிய கணக்கு

சீனாவின் வடமேற்கில் உள்ள ஜியூச்சுவான் ஏவுதளத்திலிருந்து 2025 டிசம்பர் 3 அன்று, லேண்ட்ஸ்பேஸ் என்ற தனியார் நிறுவனத்தின் ஜூச்சுவே-3 ராக்கெட் முதன்முறையாக விண்ணில் பாய்ந்தது. அதன் இரண்டாம் அடுக்கு திட்டமிட்டபடி புவியின் சுற்றுவட்டப் பாதையை அடைந்தது. முதல் அடுக்கோ, கான்சு மாகாணத்தின் மின்ச்சின் பகுதியில் அதற்கெனவே அமைக்கப்பட்டிருந்த திடலில் நிமிர்ந்த நிலையில் வந்து இறங்கியிருக்க வேண்டும். தரையை நெருங்கும் கடைசிக் கட்டத்தில் எஞ்சின்கள் மீண்டும் இயங்கத் தொடங்கியபோது எரிதல் முறைதவறியது. தீப்பிழம்பாக வந்த அந்த அடுக்கு திடலின் விளிம்பருகே விழுந்து நொறுங்கியது.

அடுத்த 20 நாட்களில், டிசம்பர் 23 அன்று, அரசு நிறுவனம் உருவாக்கிய லாங் மார்ச்-12ஏ ராக்கெட் அதே ஜியூச்சுவான் பகுதியிலிருந்து புறப்பட்டது. முடிவும் ஏறக்குறைய அதுவே. சுற்றுவட்டப் பாதை எட்டப்பட்டது. முதல் அடுக்கு மீட்கப்படவில்லை.

இவ்விரு செய்திகளும் பெரும்பாலும் 'சீனாவின் முயற்சி தோல்வி' என்ற தலைப்பிலேயே உலகெங்கும் வெளியாயின. அத்தலைப்பு பாதி உண்மையையே சொல்கிறது. முதல் பயணத்திலேயே சுற்றுவட்டப் பாதையை அடைவது எந்தப் புதிய ராக்கெட்டுக்கும் எளிதன்று. அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனமும் பல முயற்சிகள் வீணான பிறகே 2015 டிசம்பர் 21 அன்று தனது ஃபால்கன்-9 ராக்கெட்டின் முதல் அடுக்கைத் தரையில் இறக்கியது. பொறியியல் நோக்கில் பார்த்தால், சீனா இந்த வித்தையைக் கற்றுக்கொள்வது காலத்தைப் பொறுத்த விஷயம் மட்டுமே. ஆனால் அந்த ராக்கெட்டுகளுக்கு வேலை கொடுக்கப்போவது யார், அந்த வேலையில் தனியாருக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு என்ற கேள்விகளுக்கு அத்தனை எளிதாக விடை கிடைக்காது.

அவசரத்தின் காரணம்

மறுபயன்பாட்டு ராக்கெட்டுக்காகச் சீனா இவ்வளவு விரைவதன் காரணம் நிலவோ செவ்வாயோ அன்று. பூமிக்கு மேலே சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள தாழ் சுற்றுவட்டப் பாதைதான். ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்லிங்க் இணையச் சேவைக்காக அங்கு 9,000-க்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்கள் வலம் வருகின்றன. உக்ரைன் போர்க்களத்தில் அவற்றின் பயன்பாட்டைக் கண்ட பெய்ஜிங், இதனை வெறும் இணைய வணிகமாகக் கருதவில்லை.

சீனாவின் பதில் இரண்டு பெரும் செயற்கைக்கோள் தொகுப்புகள். ஒன்று, மத்திய அரசு நிறுவனம் நடத்தும் குவோவாங். இதற்காகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் 12,992 செயற்கைக்கோள்களுக்கு 2020-ஆம் ஆண்டே விண்ணப்பிக்கப்பட்டது. மற்றொன்று, ஷாங்காய் நகர நிர்வாகத்தின் ஆதரவு பெற்ற சியென்ஃபான். 'ஆயிரம் பாய்மரங்கள்' என்பது இப்பெயரின் பொருள். இதன் இலக்கு 15,000 செயற்கைக்கோள்கள்.

விண்ணில் இடம் பிடிப்பதற்கான விதிகள் இந்த அவசரத்தை மேலும் கூட்டுகின்றன. அலைவரிசையும் சுற்றுப்பாதையும் பெரும்பாலும் முதலில் பதிவு செய்தவருக்கே முன்னுரிமை தருகின்றன. ஆனால் காகிதத்தில் பதிவு செய்துவிட்டு உறங்கிவிட முடியாது. விண்ணப்பித்த ஏழு ஆண்டுகளுக்குள் முதல் செயற்கைக்கோளை இயக்கத் தொடங்க வேண்டும். அந்த ஏழாண்டுக் கெடு முடிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மொத்த எண்ணிக்கையில் 10 விழுக்காட்டையும், ஐந்து ஆண்டுகளுக்குள் பாதியையும், ஏழு ஆண்டுகளுக்குள் முழுவதையும் செலுத்தியிருக்க வேண்டும். தவறினால் உரிமத்தின் அளவு குறைக்கப்படும். குவோவாங்கைப் பொறுத்தவரை, இந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் சுமார் 1,300 செயற்கைக்கோள்கள் மேலே இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். 2025 முடியும்போது அங்கிருந்தவை நூறைச் சற்றே தாண்டியிருந்தன. சியென்ஃபானின் நிலையும் அதுவே. 2025 இறுதிக்குள் 648 என்று இலக்கு வைத்தவர்கள், அந்த ஆண்டு அக்டோபரில் ஆறாவது தொகுதியை ஏவியபோது மொத்தம் 108 செயற்கைக்கோள்களையே செலுத்தியிருந்தனர்.

இங்கே ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சியென்ஃபான் ஒரு முறைக்கு 18 செயற்கைக்கோள்கள் வீதம் செலுத்தப்படுகிறது. 15,000-ஐ எட்ட 830-க்கும் அதிகமான ஏவுதல்கள் தேவை. குவோவாங்கின் செயற்கைக்கோள்கள் எடை மிகுந்தவை. ஒரு ராக்கெட்டில் 10 செல்வதே அதிகம். அப்படியானால் அதற்கு மட்டும் ஏறத்தாழ 1,300 ஏவுதல்கள். இரண்டும் சேர்ந்தால் 2,000-ஐத் தாண்டும். 2025-இல் சீனா முழுவதிலும் அரசும் தனியாரும் சேர்ந்து நடத்திய ஏவுதல்கள் 90-ஐச் சற்றே கடந்தன. அந்நாட்டுக்கு அதுவே ஒரு சாதனை. அதே வேகத்தில் சென்றால், நிலவுப் பயணம், விண்வெளி நிலையம், ராணுவச் செயற்கைக்கோள் அனைத்தையும் நிறுத்திவிட்டாலும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதே 2025-இல் ஸ்பேஸ்எக்ஸ் என்ற ஒரே நிறுவனம் ஃபால்கன்-9 ராக்கெட்டை 165 முறை ஏவியது. ஒரு முறை பயன்படுத்தித் தூக்கியெறியும் ராக்கெட்டுகளைக் கொண்டு அந்த எண்ணிக்கையை எட்டும் தொழிற்சாலை உலகில் எங்கும் இல்லை.

இதற்கிடையே, ஏறத்தாழ 2 லட்சம் செயற்கைக்கோள்களுக்கான புதிய விண்ணப்பங்களையும் 2025 இறுதியில் சீனா தாக்கல் செய்துள்ளது. அவை அனைத்தும் விண்ணுக்குப் போகும் என்று எவரும் நம்பவில்லை. பேருந்து இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் வேலைதான் இது என்று வைத்துக்கொள்ளலாம்.

யார் இந்தத் தனியார்?

சீன விண்வெளித் துறையில் தனியார் முதலீட்டுக்குக் கதவு திறந்தது 2014-இல். அந்த ஆண்டு சீன அமைச்சரவையான மாநிலக் குழு வெளியிட்ட ஆணைக்குப் பிறகே இன்று பேசப்படும் நிறுவனங்கள் பலவும் தோன்றின. 2015-இல் தொடங்கப்பட்ட லேண்ட்ஸ்பேஸின் முதல் ராக்கெட் 2018 அக்டோபரில் தோல்வியடைந்தது. 2019 ஜூலையில் ஐ-ஸ்பேஸ் நிறுவனம் சுற்றுவட்டப் பாதையை எட்டிய முதல் சீனத் தனியார் நிறுவனமாயிற்று. 2023 ஜூலை 12 அன்று லேண்ட்ஸ்பேஸின் ஜூச்சுவே-2, மீத்தேன் எரிபொருளில் இயங்கிச் சுற்றுவட்டப் பாதையை அடைந்த உலகின் முதல் ராக்கெட் என்ற பெயரைப் பெற்றது. ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப்பும் புளூ ஆரிஜினின் நியூ கிளெனும் அப்போது அந்த இலக்கை எட்டியிருக்கவில்லை. சீனத் தொன்மத்தில் தென்திசையைக் காக்கும் செம்பறவையே ஜூச்சுவே. அந்தப் பெயரைத் தாங்கிய மூன்றாம் ராக்கெட் துருப்பிடிக்காத எஃகால் ஆனது. ஒன்பது எஞ்சின்களைக் கொண்டது. ஃபால்கன்-9, ஸ்டார்ஷிப் ஆகிய இரண்டின் சாயலும் அதில் தெரிவதை யாரும் மறைக்கவும் இல்லை.

பாதை கரடுமுரடானதாகவும் இருந்தது. 2024 ஜூன் 30 அன்று ஹெனான் மாகாணத்தின் கொங்யி நகரில், ஸ்பேஸ் பயனியர் நிறுவனம் தனது தியான்லாங்-3 ராக்கெட்டின் முதல் அடுக்கைத் தரையில் கட்டிவைத்து எஞ்சின் சோதனை நடத்தியது. பிணைப்பு அறுந்து, எவரும் ஏவாத அந்த ராக்கெட் தானே மேலெழுந்து, சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் மலைப்பகுதியில் விழுந்து வெடித்தது. உயிர்ச்சேதம் ஏற்படாதது நற்பேறு.

'தனியார்' என்ற சொல்லைச் சீனச் சூழலில் எச்சரிக்கையுடன் கையாள வேண்டியுள்ளது. லேண்ட்ஸ்பேஸில் 2024 டிசம்பரில் 90 கோடி யுவானை முதலீடு செய்தது ஓர் அரசு நிதியம். சிஏஎஸ் ஸ்பேஸ் என்ற ராக்கெட் நிறுவனம் சீன அறிவியல் அகாதமியிலிருந்து பிரிந்து வந்தது. நிலமும் சோதனை வசதியும் பல இடங்களில் மாகாண, நகர அரசுகள் தருபவை. மறுபுறம், அரசு ராக்கெட்டான லாங் மார்ச்-12ஏ-யின் முதல் அடுக்கில் பொருத்தப்பட்ட மீத்தேன் எஞ்சின்கள் ஒரு தனியார் நிறுவனத்தின் தயாரிப்பு. அரசு எங்கே முடிகிறது, தனியார் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது கடினம். இது ஒரு குறையன்று. பணம், மனிதவளம், தொழில்நுட்பம் மூன்றும் இரு பக்கமும் தடையின்றிப் பாய்வதால்தான் பத்தே ஆண்டுகளில் இத்தனை ராக்கெட்டுகள் உருவாயின.

வாடிக்கையாளரே போட்டியாளர்

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஸ்பேஸ்எக்ஸை நிலைநிறுத்தியது எலான் மஸ்க்கின் துணிச்சல் மட்டுமன்று. ஃபால்கன்-1 ராக்கெட் மூன்று முறை தோற்று, 2008 செப்டம்பரில் ஒருவழியாக வென்றபோது அந்நிறுவனத்தின் கையிருப்பு கரைந்திருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாசா, சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு 12 முறை சரக்கு கொண்டு செல்ல 160 கோடி டாலர் ஒப்பந்தத்தை அதற்கு வழங்கியது. அரசு தானே ராக்கெட் கட்டாமல், பயணத்தை விலைக்கு வாங்கியது. அதுவே திருப்புமுனை.

சீனாவும் இதே வழியில் ஒரு முயற்சி செய்தது. தனது தியான்கொங் விண்வெளி நிலையத்துக்குக் குறைந்த செலவில் சரக்கு கொண்டு செல்லும் விண்கலங்களை வடிவமைக்க அனைவருக்கும் அழைப்பு விடுத்தது. 2024 அக்டோபரில் இறுதித் தேர்வு அறிவிக்கப்பட்டது. வென்றவை இரண்டு: ஒன்று, சீன அறிவியல் அகாதமியைச் சேர்ந்த அமைப்பின் சிங்சோ, மற்றொன்று, அரசு விமான நிறுவனத்தின் கீழுள்ள செங்டு வடிவமைப்புக் கழகத்தின் ஹாவோலாங். இரண்டுமே அரசு அமைப்புகள். குவோவாங், சியென்ஃபான் செயற்கைக்கோள் தொகுதிகளையும் இதுவரை விண்ணுக்குக் கொண்டு சென்றவை பெரும்பாலும் லாங் மார்ச் குடும்பத்து ராக்கெட்டுகளே. ஆக, ஒரு தனியார் ராக்கெட் நிறுவனத்துக்கு இருக்கும் ஒரே பெரிய வாடிக்கையாளர் அரசு. அந்த அரசே மறுபயன்பாட்டு ராக்கெட்டைச் சொந்தமாகவும் உருவாக்கி வருகிறது. கடைக்காரருக்கு எதிரே அவரது முதன்மை வாடிக்கையாளரே அதே சரக்கோடு கடை விரித்தால் என்ன ஆகும்?

பெய்ஜிங்குக்கு இந்த முரண் தெரியாமலில்லை. 2024 மார்ச்சில் பிரதமர் லீ சியாங் தாக்கல் செய்த அரசுப் பணியறிக்கை, வணிக விண்வெளித் துறையைப் புதிய வளர்ச்சி எந்திரங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. வணிக ஏவுதல்களுக்கென்றே ஹைனான் தீவின் வென்சாங்கில் கட்டப்பட்ட ஏவுதளம் 2024 நவம்பர் 30 அன்று செயல்படத் தொடங்கியது. 2025 நவம்பரில் தேசிய விண்வெளி நிர்வாகத்தில் வணிக விண்வெளிக்கெனத் தனிப் பிரிவு உருவானது.

எனினும், எல்லாவற்றிலும் வலுவான சமிக்ஞை வந்தது பங்குச்சந்தையிலிருந்து. லாபம் ஈட்டாத ராக்கெட் நிறுவனங்களும் ஷாங்காய் ஸ்டார் சந்தையில் பங்கு வெளியிடலாம் என்று 2025 டிசம்பர் இறுதியில் வழிகாட்டுதல் வெளியானது. அதற்கான நிபந்தனை கூர்ந்து கவனிக்கத்தக்கது. மறுபயன்பாட்டுத் தொழில்நுட்பம் கொண்ட நடுத்தர அல்லது பெரிய ராக்கெட் ஒரு முறையாவது பொருளைச் சுற்றுவட்டப் பாதையில் செலுத்தியிருக்க வேண்டும். முதல் அடுக்கு பத்திரமாகத் திரும்பியிருக்க வேண்டும் என்று நிபந்தனையில் இல்லை. ஜூச்சுவே-3 டிசம்பர் 3 அன்று செய்து காட்டியதும் சரியாக அதுவே. சில நாட்களிலேயே லேண்ட்ஸ்பேஸ் 750 கோடி யுவான் திரட்ட விண்ணப்பித்தது. அளவெடுத்துத் தைத்த சட்டை போன்ற இந்த விதி, அரசு தனது ஒப்பந்தங்களை விட்டுக்கொடுப்பதற்குப் பதிலாகப் பொதுமக்களின் சேமிப்பைத் தனியாருக்குத் திருப்பிவிடும் வழியாகவே தோன்றுகிறது. அந்தச் சேமிப்புக்கு லாபம் வரவேண்டுமானால் ஏவுதல் ஒப்பந்தங்கள் வந்தாக வேண்டும். அவற்றைத் தரக்கூடியதோ மீண்டும் அரசுதான்.

விண்ணிலும் மண்ணிலும் சிதறுபவை

அரசின் நேரடித் திட்டங்களைப் பொறுத்தவரை சீனா சொன்னதைச் செய்யும் நாடு என்ற பெயரைத் தக்கவைத்திருக்கிறது. 2024 ஜூனில் சாங்'இ-6 விண்கலம் நிலவின் மறுபக்கத்திலிருந்து 1,935.3 கிராம் மண்ணைக் கொண்டுவந்தது. அப்பகுதியிலிருந்து பூமிக்கு வந்த முதல் மாதிரி அது. 2025 மே மாதம் தியான்வென்-2 ஒரு குறுங்கோளை நோக்கிப் புறப்பட்டது. 2030-க்கு முன் நிலவில் சீனர்களை இறக்கும் திட்டத்துக்கான இறங்குகலச் சோதனையும், லாங் மார்ச்-10 ராக்கெட்டின் எஞ்சின் சோதனைகளும் 2025-இல் நடைபெற்றன.

ஆனால் அந்த ஆண்டில் சீன விண்வெளித் துறையை உண்மையில் சோதித்தது ஒரு சிறு விரிசல். ஷென்சோ-20 விண்கலத்தில் தியான்கொங் சென்ற சென் டொங், சென் சோங்ருய், வாங் ஜியே ஆகிய மூவரும் நவம்பர் 5 அன்று பூமி திரும்ப வேண்டும். விண்குப்பை மோதியதாகக் கருதப்பட்டு, கலத்தின் சாளரத்தில் விரிசல் கண்டறியப்பட்டதால் பயணம் நிறுத்தப்பட்டது. அவர்களை மாற்ற வந்தவர்களின் ஷென்சோ-21 விண்கலத்தில் நவம்பர் 14 அன்று மூவரும் திரும்பினர். அதன்பின் நிலையத்தில் தங்கிய மூவருக்கும் அவசரத்துக்குப் பயன்படுத்தத்தக்க கலம் ஏதுமில்லை. ஆளில்லாத ஷென்சோ-22 நவம்பர் 25 அன்று ஏவப்படும்வரை நிலைமை அதுவே. எப்போதும் ஒரு மாற்று ராக்கெட்டையும் கலத்தையும் தயார்நிலையில் வைத்திருக்கும் சீன நடைமுறை கைகொடுத்தது. அதைப் பாராட்டும்போதே மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 2007-இல் தன் செயற்கைக்கோள் ஒன்றைத் தானே ஏவுகணையால் தகர்த்து 3,000-க்கும் மேற்பட்ட துண்டுகளைப் பரப்பியது இதே நாடு. 2024 ஆகஸ்டில் முதல் சியென்ஃபான் தொகுதியைக் கொண்டு சென்ற லாங் மார்ச்-6ஏ ராக்கெட்டின் மேலடுக்கு உடைந்து 300-க்கும் அதிகமான துண்டுகளாயிற்று.

ராக்கெட் நிறுவனங்கள் பெருகப் பெருக இந்த இடர் கூடுகிறது. 2025 டிசம்பரில் சிஏஎஸ் ஸ்பேஸ் ராக்கெட் செலுத்திய ஒரு செயற்கைக்கோள், ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் ஒன்றுக்கு 200 மீட்டர் அருகில் கடந்ததாக ஸ்பேஸ்எக்ஸ் குற்றஞ்சாட்டியது. முன்கூட்டி எந்த ஒருங்கிணைப்பும் நடைபெறவில்லை என்றும் கூறியது. ஒரு பகுதியில் ஆயிரக்கணக்கானவற்றை நிறுத்திவைத்திருப்பவர் பிறரது ஒழுங்கைப் பற்றிப் பேசுவது சீனர்களுக்கு எரிச்சலூட்டலாம். எனினும் இரு நாட்டு நிறுவனங்களும் தத்தம் பாதை விவரங்களைத் தடையின்றிப் பகிர்ந்துகொள்ளும் நடைமுறை இன்னும் வேரூன்றவில்லை என்பது உண்மை.

மண்ணிலும் இதன் தாக்கம் உண்டு. கடலோரத்தில் அல்லாமல் உள்நாட்டில் அமைந்த சிச்சாங் போன்ற ஏவுதளங்களிலிருந்து செல்லும் பழைய ராக்கெட்டுகளின் அடுக்குகள் கிராமங்களருகே விழுவது பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. 2024 ஜூனில் குய்சோ மாகாணத்தில் நச்சு எரிபொருளின் செந்நிறப் புகையோடு ஓர் அடுக்கு விழ, மக்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடிய காணொலி உலகெங்கும் பரவியது. முதல் அடுக்கைக் குறித்த இடத்தில் இறக்கும் தொழில்நுட்பம் கைகூடினால் அதன் முதல் பயனாளிகள் முதலீட்டாளர்களாக இல்லாமல் அக்கிராம மக்களாக இருக்கக்கூடும்.

இந்தியா எங்கே நிற்கிறது?

சீனா 90-ஐக் கடந்த அதே 2025-இல் இந்தியா நடத்திய சுற்றுவட்டப் பாதை ஏவுதல்கள் ஐந்து. அவற்றில் மே 18 அன்று சென்ற பிஎஸ்எல்வி-சி61 இலக்கை எட்டவில்லை. 2026 ஜனவரி 12 அன்று பிஎஸ்எல்வி-சி62-உம் தவறியது. எண்ணிக்கையில் ஒப்பிடுவதே பொருத்தமற்றது. ஆனால் அமைப்பில் இரு நாடுகளுக்கும் ஒற்றுமை உண்டு. இங்கும் 2020 சீர்திருத்தத்துக்குப் பிறகே தனியாருக்கு வழி திறந்தது. ஹைதராபாத்தின் ஸ்கைரூட் நிறுவனம் 2022 நவம்பரிலும், சென்னை ஐஐடியில் பிறந்த அக்னிகுல் 2024 மே 30 அன்றும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனை ராக்கெட்டுகளை ஏவின. இரண்டும் சுற்றுவட்டப் பாதைக்குச் செல்லாத பயணங்கள். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ஏவுதளம், சிறிய ராக்கெட்டுகளுக்கென உருவாகிறது. இங்கிருந்து தெற்கு நோக்கி ஏவும்போது இலங்கையைச் சுற்றி வளைந்து எரிபொருளை வீணாக்க வேண்டியதில்லை.

ஒப்பந்தம் என்ற அளவுகோலில் பார்த்தால் இந்தியா ஒரு குறிப்பிடத்தக்க முடிவை எடுத்திருக்கிறது. 2024 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற விண்வெளிக் கண்காணிப்புத் திட்டத்தின் 52 செயற்கைக்கோள்களில் 31 தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன. மொத்த மதிப்பு ரூ.26,968 கோடி. சீனத் தனியார் நிறுவனங்கள் ஏங்குவது இத்தகைய பங்கீட்டுக்கே. ஆனால் அது செயற்கைக்கோள் தயாரிப்பில், ராக்கெட்டில் அன்று. முதல் அடுக்கை மீண்டும் பயன்படுத்தும் அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்காக 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ரூ.8,240 கோடி ஒதுக்கியது. அதை உருவாக்கும் பொறுப்பு இஸ்ரோவிடம் உள்ளது. அதற்கு எட்டு ஆண்டுகள் குறிக்கப்பட்டுள்ளன. குவோவாங் தனது 10 விழுக்காட்டுக் கெடுவை அதற்கு முன்பே சந்தித்திருக்கும்.